கோட்டைத் தாண்டிய பந்து

2024 ஜூன் 11. கத்தாரில் ஜாசிம் பின் ஹமத் ஸ்டேடியம். உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் இந்தியாவுக்கு அன்று வாழ்வா சாவா ஆட்டம். 37-வது நிமிடத்தில் சாங்தே அடித்த கோலில் இந்தியா 1-0 என்று முன்னால் இருக்கிறது. 73-வது நிமிடம் கத்தாருக்கு ஒரு ஃப்ரீ கிக். யூசுஃப் அய்மன் தலையால் முட்டுகிறார், கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சாந்து விழுந்து தடுக்கிறார். அவர் கையில் பட்ட பந்து உருண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. வெளியே என்றால் நூலிழை இல்லை, டிவியில் பார்த்த எல்லோருக்கும் பளிச்சென்று தெரிகிற மாதிரி வெளியே. ஹஷ்மி ஹுசைன் என்ற கத்தார் ஆட்டக்காரர் அதைக் காலால் உள்ளே இழுத்துக் கொடுக்க, அய்மன் தட்டிவிடுகிறார். கோல்! தென் கொரிய நடுவர் கிம் வூ-சங் அதை ஏற்றுக்கொண்டார். இந்திய ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று கத்தியதுதான் மிச்சம். 85-வது நிமிடத்தில் அகமது அல்-ராவி இன்னொன்று அடிக்க, ஆட்டம் 2-1 என்று முடிந்தது. இந்தியா வெளியே.

அந்த ஆட்டத்தைப் பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை. வேப்பம்பட்டில் நிச்சயமாக முடியவில்லை.

வேப்பம்பட்டில் ஃபுட்பால் ரசிகர்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். திருநின்றவூரைத் தாண்டி, செவ்வாப்பேட்டைக்கு முன்னால் வருகிற ஸ்டேஷன் இது. மற்ற ஊர்களைப் போல இங்கேயும் கிரிக்கெட்தான் எல்லாம். ஆனால் இந்த அரக்கோணம் லைன், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம் வழியாக வருகிறது. வட சென்னையில், அதுவும் வியாசர்பாடி பக்கத்தில், ஃபுட்பால் என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. அங்கே வாடகை கட்ட முடியாமல் இந்தப் பக்கம் மனை வாங்கி வந்த குடும்பங்கள் சில, கட்டில் பீரோவோடு ஃபுட்பாலையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டன. எண்ணிப் பார்த்தால் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். சத்தம் மட்டும் ஊருக்கே கேட்கும்.

இந்த பெஞ்சில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு நடுவர்தான் குற்றவாளி. இன்னொரு கட்சிக்கு அணிதான் குற்றவாளி. முதல் கட்சியில் பெரும்பாலும் காலேஜ் பையன்கள். இரண்டாவது கட்சி ஒரே ஒரு ஆள். ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், இளவயதில் ஏதோ ஒரு சின்ன கிளப்புக்கு டிஃபென்ஸ் ஆடியவர். அறுபதைத் தாண்டிவிட்டார், ஆனாலும் கிரவுண்டில் பழகியவர்களுக்கு அவர் அண்ணன்தான்.

"பந்து அவுட்டுண்ணே. சின்னப் புள்ள கூட சொல்லும்."

"அவுட்டுதான்டா தம்பி. நான் இல்லன்னா சொன்னேன்? விசில் ஊதுனானா?"

"ஊதல."

"அப்ப நம்ம ஆளுங்க ஏன் நின்னாங்க?"

இந்தக் கேள்விக்குப் பையன்களிடம் நல்ல பதில் இல்லை. பந்து வெளியே போனதைப் பார்த்ததும் கார்னர்தான் என்று நினைத்து இந்திய டிஃபெண்டர்கள் அசையாமல் நின்றார்கள். கீப்பர் தரையில் கிடந்தார். விசில் வரும் வரை ஆடு என்பது ஆறு வயதுப் பையனுக்கு முதல் நாள் கற்றுக்கொடுக்கிற பாடம். ஆனால் அண்ணனின் வாதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒருவன் வீட்டைப் பூட்டாமல் போனான் என்பதற்காகத் திருடியவனை விட்டுவிட முடியுமா? கதவு திறந்து கிடந்தது ஒரு தப்பு, திருட்டு வேறு தப்பு. இரண்டும் ஒரே நொடியில் நடந்ததால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

விதி என்ன சொல்கிறது? பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் அது வெளியே. தரையில் உருண்டாலும் சரி, ஆகாயத்தில் பறந்தாலும் சரி. கோட்டின் மேல் பந்தின் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தாலும் அது உள்ளேதான். கேட்க எளிதாக இருக்கிறது. பார்ப்பது எளிதில்லை. துணை நடுவர் (அண்ணன் பாஷையில் லைன்ஸ்மேன்) சாதாரணமாகக் கடைசிக்கு முந்தைய டிஃபெண்டருக்கு நேராக நிற்க வேண்டும், ஆஃப்சைடு பார்க்க. ஃப்ரீ கிக் வந்து கோல் முன்னால் குழப்பம் ஆகிறபோது அவர் அங்கிருந்து கோல் கோட்டுக்கு ஓடி வரவேண்டும். கோட்டுக்கு நேரே வந்து நின்றால்தான் பந்து தாண்டியதா என்று தெரியும். ஓரடி முன்னால் நின்றாலும் கோணம் மாறிவிடும். நடுவில் கம்பம், கால்கள், கீழே கிடக்கிற கீப்பர். கோல் பக்கத்திலேயே ஒரு கூடுதல் நடுவரை நிறுத்திப் பார்த்தார்கள், அதுவும் முழுசாக உதவவில்லை. 2012 யூரோவில் இங்கிலாந்துக்கு எதிராக உக்ரைன் அடித்த பந்து கோட்டைத் தாண்டிய பிறகு ஜான் டெர்ரி வெளியே உதைத்தார். பக்கத்திலேயே நின்ற கூடுதல் நடுவர் கோல் கொடுக்கவில்லை.

இதனால்தான் வி.ஏ.ஆர். வந்தது. அது அன்று தோஹாவில் இல்லை. ஆசியத் தகுதிச் சுற்றில் மூன்றாவது சுற்றிலிருந்துதான் வி.ஏ.ஆர். வைத்தார்கள், இது இரண்டாவது சுற்று. அதாவது பெரிய அணிகள் மட்டும் மிஞ்சுகிற கட்டத்துக்கு வந்தால் கேமரா உண்டு. அங்கே போய்ச் சேரப் போராடுகிறவனுக்குக் கிடையாது. எந்த ஊர் நியாயம் இது?

பையன்களுக்கு உண்மையில் எரிவது இந்த இடத்தில்தான், அதில் தப்பே இல்லை. அதே கத்தாரில், சுமார் பதினெட்டு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பர் 1, உலகக் கோப்பையில் ஜப்பான் - ஸ்பெயின். மிதோமா கோட்டோரத்தில் பந்தை இழுத்துக் கொடுக்க, தனாகா கோல் அடித்தார். முதலில் துணை நடுவர் பந்து வெளியே என்றார். வி.ஏ.ஆர். அறையில் கேமரா கேமராவாகப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில் பந்து கோட்டின் மேல் இருந்தது என்று கோல் கொடுத்தார்கள். ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது, ஜெர்மனி வீட்டுக்குப் போனது. அன்று பந்துக்குள்ளேயே சென்சார் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த பந்தை மில்லிமீட்டர் வைத்து அளந்த அதே நாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு வெளியே போன பந்தைப் பார்க்க ஆள் இல்லை. ஜெர்மனிக்கு ஒரு நியாயம், இந்தியாவுக்கு ஒரு நியாயம் என்று ஒரு பையன் கத்தினால் அவனை எப்படிக் குறை சொல்வது?

இதில் இன்னொரு வேடிக்கை. மறுநாள், ஜூன் 12, நியூயார்க்கில் டி20 உலகக் கோப்பையில் இந்தியாவும் அமெரிக்காவும் மோதின. ஒரு ஓவர் முடிந்து அடுத்த ஓவரை 60 விநாடிக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்கா மூன்றாவது முறையாக மீறியது. இந்தியாவுக்கு இலவசமாக 5 ரன். 30 பந்தில் 35 என்றிருந்தது 30 பந்தில் 30 ஆனது. ஒரே ராத்திரி இடைவெளியில் ஒரு விளையாட்டில் விநாடி முள்ளைப் பார்த்து இந்தியாவுக்குச் சாதகமாகக் கொடுத்தார்கள், இன்னொன்றில் கண்ணெதிரே நடந்ததையே பார்க்கவில்லை. கிரிக்கெட் ரசிகர்கள் யாரும் இது அநியாயம் என்று பெஞ்சில் வந்து உட்காரவில்லை :-)

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கடிதம் எழுதியது. ஃபிஃபாவுக்கு, ஆசியக் கூட்டமைப்புக்கு, மேட்ச் கமிஷனருக்கு. விசாரணை வேண்டும் என்று கேட்டது. வேப்பம்பட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், மறுபடி ஆட்டத்தையே நடத்த வேண்டும் என்றார்கள். இது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. 2005 செப்டம்பரில் உஸ்பெகிஸ்தான் - பஹ்ரைன் தகுதி ஆட்டம். உஸ்பெகிஸ்தான் பெனால்டி அடித்து கோல் போட்டது. அடிப்பதற்கு முன்பே அவர்கள் ஆள் ஒருவர் பெட்டிக்குள் ஓடி வந்துவிட்டார். அப்படியானால் பெனால்டியைத் திரும்ப அடிக்க விட வேண்டும். ஜப்பானிய நடுவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். 1-0 என்று ஜெயித்த உஸ்பெகிஸ்தானே புகார் கொடுத்தது, 3-0 என்று கொடுங்கள் என்று. ஃபிஃபா என்ன செய்தது? ஜெயித்த ஆட்டத்தையும் ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது. மறு ஆட்டம் 1-1. அடுத்தது 0-0. வெளியூர் கோல் கணக்கில் பஹ்ரைன் மேலே போய்விட்டது. பேராசை பெருநஷ்டம்!

அந்த நடுவர் செய்தது விதியையே தப்பாகப் பயன்படுத்தியது. தோஹாவில் நடந்தது வேறு. நடுவருக்கு விதி தெரியும், பந்து எங்கே இருந்தது என்பதைப் பார்ப்பதில்தான் தப்பு. கண்ணால் பார்த்து எடுத்த முடிவு கடைசி முடிவு என்கிறது விதிப் புத்தகம். அது தப்பு என்று ஊர் உலகத்துக்கே தெரிந்தாலும் ஸ்கோர் மாறாது. விலக்கு ஒன்று உண்டு, நடுவர் வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். 2016-ல் தென்னாப்பிரிக்கா - செனகல் ஆட்டத்தில் கானா நாட்டு நடுவர் ஒருவர் இல்லாத ஹேண்ட்பாலுக்குப் பெனால்டி கொடுத்தார். அவருக்கு ஆயுள் தடை, ஆட்டத்துக்கு மறு ஆட்டம். தோஹா விஷயத்தில் அப்படி எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆகவே "காசு வாங்கிட்டான்" என்று பெஞ்சில் யாராவது சொன்னால் அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. கத்தாருக்கு அந்த ஆட்டமே தேவை இல்லை, அவர்கள் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டார்கள். முக்கியமான ஆட்கள் பலரை உட்கார வைத்துவிட்டு இளைஞர்களை இறக்கியிருந்தார்கள்.

அண்ணன் பிடித்துக்கொள்கிற இடம் இதுதான். "செகண்ட் டீம்கிட்ட ஒரு கோல் வச்சிக்கினு ஏன்டா பயந்து ஆடணும்? ரெண்டாவது கோல் எங்க? அத ரெஃப்ரியா அடிப்பான்?"

இதற்குப் பதிலாக ஒரு பி.காம். பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். போட்டது நடுவர் கட்சிக்காக. கடைசியில் உதவியது அண்ணனுக்கு. ஆறு ஆட்டம் முடிந்தபோது கத்தாருக்கு 16 புள்ளி, குவைத்துக்கு 7, இந்தியாவுக்கு 5, ஆப்கானிஸ்தானுக்கும் 5. முதல் இரண்டு அணிதான் மேலே போகும். தோஹாவில் 1-0 என்று நின்றிருந்தால் இந்தியாவுக்கு 8, குவைத்தைத் தாண்டியிருக்கும். இதுவரை நடுவர் கட்சி சந்தோஷப்பட்டது. 1-1 என்று முடிந்திருந்தால்? 6 புள்ளி. அதே ராத்திரி குவைத் ஆப்கானிஸ்தானை 1-0 என்று ஜெயித்துவிட்டதால் டிரா போதாது. சரி, ஆறு ஆட்டத்தில் இந்தியா அடித்த கோல் எத்தனை? மூன்று. குவைத்தில் மன்வீர் அடித்தது ஒன்று, குவாஹாட்டியில் சேத்ரி பெனால்டியில் அடித்தது ஒன்று, தோஹாவில் சாங்தே அடித்தது ஒன்று. வாங்கியது ஏழு. கொல்கத்தாவில் ஜூன் 6 அன்று சேத்ரியின் ஓய்வு ஆட்டம் (2025-ல் அவர் திரும்பி வந்தது தனிக் கதை), அத்தனை கூட்டம், அத்தனை கண்ணீர், குவைத்தோடு 0-0.

கணக்குப் படிப்பவர்களுக்குத் தெரியும், லெட்ஜரில் ஒரு தப்புப் பதிவு கிடைத்துவிட்டது என்பதற்காக ஆடிட்டர் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்புவதில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். இங்கே அடுத்த பக்கம் குவாஹாட்டி.

2024 மார்ச் 26. ஆப்கானிஸ்தான் அணியில் அனுபவசாலிகள் பலர் தங்கள் சம்மேளனத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வரவே இல்லை. சொந்த மண், சேத்ரிக்கு 150-வது ஆட்டம். 38-வது நிமிடம் பெனால்டியில் சேத்ரி கோல், 1-0. பிறகு 70-வது நிமிடத்தில் ஒன்று வாங்கியது, 88-வது நிமிடத்தில் பெனால்டியில் இன்னொன்று. 1-2. தோஹாவின் நிமிடங்களைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அங்கே 37-ல் அடித்து 73-லும் 85-லும் வாங்கியது. இங்கே 38-ல் அடித்து 70-லும் 88-லும் வாங்கியது. ஒரே படத்தை இரண்டு தியேட்டரில் பார்த்த மாதிரி! குவாஹாட்டியில் கோட்டைத் தாண்டிய பந்தும் இல்லை, கொரிய நடுவரும் இல்லை. அந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்திருந்தால், தோஹாவில் அத்தனை அநியாயமும் அப்படியே நடந்திருந்தாலும் இந்தியா 8 புள்ளியோடு மேலே போயிருக்கும்.

இதற்குப் பிறகு பெஞ்சில் கொஞ்ச நேரம் டீ உறிஞ்சும் சத்தம்தான்.

ஆனாலும் பையன்கள் விடவில்லை, விட்டிருந்தால்தான் வருத்தம். "குவாஹாட்டில தோத்தது எங்க தப்பு, அத நாங்க வாங்கிக்கிறோம்ணே. தோஹால எங்கள தோக்கடிச்சது எங்க தப்பு இல்ல. அதையும் ஏன் எங்க கணக்குல எழுதுறீங்க?" என்று ஒருவன் கேட்டான். இது நியாயமான கேள்வி. மோசமான அணிக்கும் விதி விதிதான். நன்றாக ஆடுகிறவனுக்கு மட்டும்தான் கோடு என்றால் எதற்குச் சுண்ணாம்பு போட்டு வரைகிறார்கள்?

அங்கே கேரளா பிளாஸ்டர்ஸ் டிஷர்ட் போட்ட ஒரு பையனும் உண்டு. அவனுக்கு வேறு ஒரு பழைய கடுப்பு. 2023 மார்ச் 3, பெங்களூரு, ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப். தடுப்புச் சுவர் நிற்பதற்குள் சேத்ரி வேகமாக ஃப்ரீ கிக் அடித்து கோல் ஆக்கிவிட்டார், நடுவர் ஏற்றுக்கொண்டார். பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தை விட்டு வெளியே போனது. சம்மேளனம் அவர்களுக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது, கோச் வுகோமனோவிச்சுக்குப் பத்து ஆட்டம் தடை. நடுவர் முடிவை ஏற்றுக்கொள்ளத் தெரியாதா என்று அன்று அவனைக் கிண்டல் செய்த அதே ஆட்கள், தோஹாவுக்குப் பிறகு டீம் வெளியே வந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

சரி, போனது என்ன? தோஹாவில் தோற்ற ஆறாவது நாள், ஜூன் 17 அன்று, கோச் ஸ்டிமாக்கை நீக்கினார்கள். அதை எல்லோரும் பேசினார்கள். குவைத் எங்கே போனது என்பதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. இந்தியா நின்றிருக்க வேண்டிய இடத்தில் குவைத் மூன்றாவது சுற்றுக்குப் போனது. தென் கொரியா, ஜோர்டான், ஈராக், ஓமன், பாலஸ்தீனம். பத்து ஆட்டம் ஆடி ஒன்றில் கூட ஜெயிக்கவில்லை. ஐந்து டிரா, ஐந்து தோல்வி, கடைசி இடம். இந்தியா போயிருந்தாலும் அதுதானே நடந்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நடந்திருக்கலாம். ஆனால் அந்தப் பத்து ஆட்டத்தில் ஐந்து சொந்த ஊரில். குவைத்துக்கு 2024 நவம்பரில் தென் கொரியா வந்து ஆடியது. அதே ஆட்டம் கொல்கத்தாவிலோ கொச்சியிலோ நடந்திருக்கும். ஒரு முறை சன் ஹியுங்-மின் எதிரில் ஓடி வருவதை நிறுத்தப் பார்த்தால்தான் ஒரு இந்திய டிஃபெண்டருக்குத் தன் வேகம் என்ன என்று தெரியும். வேப்பம்பட்டு மாதிரி ஊர்களில் பந்து உதைக்கிற பையன்களுக்குத் தொலைந்தது ஒரு ராத்திரி ஆட்டம் மட்டும் இல்லை. இந்தப் பத்து ஆட்டமும்தான். அதைத் தொலைத்ததில் நடுவருக்கும் பங்கு உண்டு, அணிக்கும் பங்கு உண்டு. அணியின் பங்கு பெரியது. நடுவரின் பங்கு மன்னிக்க முடியாதது. பெஞ்சில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால்தான் இந்தச் சண்டை ஓயவில்லை போலிருக்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரோடு ஆட்டம், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. 14-வது நிமிடத்தில் கோல். அடித்தது யார் தெரியுமா? மறுபடியும் சாங்தே. 1-0. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு 44-வது நிமிடத்தில் ஒன்று வாங்கியது. 58-ல் இன்னொன்று. 1-2. இரண்டையும் அடித்தவர் சாங் உய்-யங், கொரியாவில் பிறந்து சிங்கப்பூர்க்காரர் ஆனவர். "மறுபடியும் கொரியாக்காரனா!" என்று ஒரு பையன் தலையில் கை வைத்தான். அதைத் தவிர நடுவரைப் பற்றியோ கோட்டைப் பற்றியோ பெஞ்சில் ஒரு பேச்சும் இல்லை. இரண்டாவது கோல் விழுந்தபோது ஆட்டம் முடிய இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தது.